சிகரெட் வாசனை போகாத வீடு

திருவனந்தபுரத்தில் வீட்டு விலை ஏறின காலம்தான் எனக்கு நல்ல காலம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. விலை ஏற ஏற, பழைய வீடு வைத்திருந்தவர்கள் விற்கப் பார்த்தார்கள். விற்பதற்கு முன்னால் சுவரைக் கழுவி, சுரண்டி, பெயிண்ட் அடிக்க ஆள் தேடினார்கள். அப்படித் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

எங்கள் பெயிண்ட் வேலைக்காரர் சங்கத்தில் இப்போது இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு எல்லாம் டப்பாவில் வருகிறது. புகைக் கறைக்கு ஒரு டப்பா, ஈரக் கறைக்கு ஒரு டப்பா. போன மாசம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருத்தி, "பேச்சியக்கா, இந்த டப்பா இல்லாத காலத்தில் சிகரெட் பிடிக்கிற ஆளோட அறையை எப்படி வெளுப்பாக்கினீங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள், "அக்கா முகத்தைக் காட்டியிருப்பாங்க, கறை பயந்து ஓடியிருக்கும்" என்றாள். நானும்தான் சிரித்தேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. அதை எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எழுத்து நாலாம் கிளாஸ் வரைதான், மெதுவாகத்தான் வரும். அவசரம் யாருக்கு?

நான் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். ஆரியசாலைக்குப் பின்னால் லைன் வீடு. வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிற வேலை. அவருக்குப் புகை கிடையாது, வெற்றிலைதான். அது வேறு கறை, அதைப் பற்றி இங்கே வேண்டாம். நான் சித்தாளாகப் போய்ச் சில வருஷம் சிமெண்டுச் சட்டி சுமந்தேன். அப்புறம் வாசு மேஸ்திரியின் பெயிண்ட் கூட்டத்தில் சேர்ந்தேன். ஏணியில் பயமில்லாமல் ஏறுவேன் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார். சுரண்டுவதும் பட்டி பார்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் அங்கேதான் படித்தேன்.

மேஸ்திரி மலையாளி. எங்களோடு இருந்து இருந்து தமிழும் பேசுவார், இரண்டும் கலந்து வரும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் திட்ட மாட்டார். அந்தச் சுவருக்கு முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் போய் என்னவென்று கேட்கும் வரைக்கும் நிற்பார். அதற்கு இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அவர் ஓயாமல் பீடி பிடிப்பவர். வேலை வீட்டுக்குள் பிடிக்க மாட்டார், தெருவுக்குப் போய்த்தான் பிடிப்பார். தெருவில் நின்று பிடிக்கக் கூடாதென்று கோர்ட்டு சொன்ன சமயத்தில் போலீஸ்காரர் ஒருத்தர் அவரைப் பிடித்து அபராதம் போட்டார். "வீட்டினுள்ளே பாடில்லை, தெருவிலும் பாடில்லை. பின்னே நான் ஆகாசத்திலா போய் வலிக்கிறது?" என்று அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பீடி பிடிப்பதை மலையாளத்தில் வலிப்பது என்பார்கள். பீடி பிடித்துப் பிடித்து அவருக்கு மூக்கு போயிற்று. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்று. அதனால் புகை வீடு எது வந்தாலும் வாசலில் நின்றுகொண்டு, "பேச்சி, போய் மணத்து நோக்கு" என்று என்னை உள்ளே அனுப்புவார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு வருவேன். ஒரு கழுவல் போதுமா, இரண்டு வேணுமா, காரை வரைக்கும் சுரண்டணுமா என்று சொல்வேன். நான் சொன்னதை வைத்துத்தான் அவர் வீட்டுச் சொந்தக்காரரிடம் கூலி பேசுவார். கடைசியில் வாசனை போய்விட்டது என்று சொல்வதும் நான்தான். நான் போயிற்று என்றால் அவருக்குப் போயிற்று.

இனி அந்தப் பெண்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். சிகரெட்டுப் புகை சுவரில் எண்ணெய் மாதிரிப் படியும். அதன்மேல் அப்படியே பெயிண்ட் அடித்தால் முதல் வாரம் பால் போல இருக்கும். ஒரு மழை பெய்து ஈரக்காற்று அடித்ததும் தேயிலைத் தண்ணி நிறத்தில் மேலே கசிந்து வந்துவிடும். முதலில் கழுவத்தான் வேண்டும். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துணியில் தொட்டு, கீழேயிருந்து மேலே துடைத்துக்கொண்டு போகணும். எல்லாரும் மேலேயிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அப்படிச் செய்தால் அழுக்குத் தண்ணி காய்ந்த சுவரில் கோடு கோடாக வழியும், அந்தக் கோடு சாகிற வரைக்கும் போகாது. கீழே நனைந்திருந்தால் வழிகிறது பிடிக்காது. அலசுவது மட்டும் மேலேயிருந்து கீழே. பிறகு ஜன்னலைச் சாத்தி, அறை நடுவில் ஒரு பானை கொதிக்கிற தண்ணியை வைத்துக் கதவை மூடிவிடுவோம். ஆவி பட்டுச் சுவரில் மஞ்சளாய் முத்து முத்தாக வந்தால் இன்னொரு கழுவல். வராவிட்டால் வெள்ளை வேட்டித் துணியை ஈரமாக்கித் துடைத்துப் பார்ப்போம். துணி வெள்ளையாகவே இருந்தால் பிரைமர் அடிக்கலாம்.

நான் கழுவி, போயிற்று என்று சொன்ன வீட்டில் கறையோ வாசனையோ திரும்பி வந்ததில்லை. ஒரே ஒரு வீட்டில் வந்தது. அது வலியசாலை அக்ரகாரத்தில், விசாலம் மாமியின் வீடு.

மாமியின் வீட்டுக்காரர் கவர்மெண்டு ஆபீஸில் இருந்து ஓய்வானவர். நெஞ்சு கெட்டு இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். கிழக்குப் பக்கத்து அறையில்தான் அவர் வாசம். உத்தரத்து மரம் முதல் சுவர் வரைக்கும் நல்லெண்ணெய் நிறம். ஒரே மகன் சேகர் சார் டில்லியில் இருந்தார். புகை பிடிப்பதால் நாட்டுக்கு என்ன செலவு ஆகிறது என்று கணக்குப் போடுகிற ஆபீஸில் வேலை. மேஸ்திரிக்கு இதைக் கேட்டு ஒரே ஆச்சரியம். "நான் வலிக்கிறதும் அதில் உண்டாகுமோ?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

சேகர் சாருக்கு டில்லியில் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கணும். அங்கேயும் விலை ஏறிக்கொண்டிருந்தது. இந்த வீட்டை விற்று, அம்மாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிறதாக ஏற்பாடு. லீவு எடுத்து வந்து, கரமனையில் மாமனார் வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் வந்து போவார். வாங்க வந்த மற்ற ஆட்கள் எல்லாம் வீட்டை இடிக்கிற கணக்கில் வெறும் மண்ணுக்கு விலை சொன்னார்கள். பேங்கில் இருந்து ஓய்வான ஒருத்தர் மட்டும், கோயில் பக்கத்தில் இருக்கிறது, நாங்கள் குடியிருக்கத்தான் என்று கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டார். அவர் மனைவிக்கு இழுப்பு. அந்த அம்மா வாசல்படி ஏறினதுமே இருமினார். வாசனை போனால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு கைமாறுவதும் மாறாததும் என் கழுவலில் வந்து நின்றது.

எங்களுக்கு ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருந்தது. நான் அதைத் தொடவில்லை. என் தூக்குவாளியில் தண்ணி இருந்தது. மாமி அதையும் பார்த்தார். வேலை நடக்கும்போது ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தச் சோடா தரையில் பட்டால் வெளுக்காதா, அந்த ஏணி நம்மாத்துக் கதவை உரசாதா என்று ஏதாவது கேட்பார். விற்கப்போகிற வீட்டுக் கதவைப் பற்றி இவ்வளவு விசாரம் எதுக்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு கழுவல் கழுவினேன். ஆவி வைத்தோம், முத்து வரவில்லை. துணி வெள்ளையாகவே வந்தது. மறுநாளும் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, போயிற்று என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அதற்கடுத்த நாள் காலையில் பேங்குக்காரரும் மனைவியும் வந்தார்கள். நடை தாண்டுமுன்னே அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சேகர் சாரும் முகர்ந்து பார்த்தார். "எங்கே போச்சு? அப்பா இப்போதான் எழுந்து போன மாதிரி இருக்கே" என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இருந்தது. மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. போய்ச் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுபடியும் கழுவினேன். உத்தரத்தையும் விடவில்லை. ஜன்னல் கட்டையைக் கழற்றி வெயிலில் போட்டேன். கரித்துண்டு நிறைத்த தட்டை மூலைக்கு ஒன்றாக வைத்தேன். சுத்தமாகப் போயிற்று. பேங்குக்காரர் மறுபடி வந்த அன்றைக்கு மறுபடியும் இருந்தது. இந்தத் தடவை அந்த அம்மாவுக்கு வாசலிலேயே மூச்சு வாங்கிவிட்டது. பேங்குக்காரர் ஆட்டோவுக்குக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிப்போனார். அன்று சாயங்காலம் மேஸ்திரி, "பேச்சி, நினக்கும் மூக்கு போயோ?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான கவலையாகத்தான் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் மூக்கு போயிற்று என்றால் அவரிடத்தில் எனக்கு என்ன இருக்கிறது? ஏணி ஏற நாலு பேர் உண்டு.

ராத்திரி படுத்து யோசித்தேன். பழைய புகைக்குப் புளித்த வாசனை, நனைந்த சாக்கு மாதிரி. அன்றைக்கு அந்த அறையில் இருந்தது அது இல்லை. காய்ந்து எரிந்த வாசனை, புதுசு. முதலில் மேஸ்திரியைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் பீடி வேறு, இது சிகரெட்.

மறுநாள் மற்றவர்கள் வருமுன்னே போனேன். மாமி குளிக்கப் போயிருந்தார். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பித்தளை ஊதுவத்தி ஸ்டாண்டு இருந்தது. அதன் தட்டில் சாம்பல். ஊதுவத்திச் சாம்பல் மெல்லிசாக, வளைந்து விழும். இது வெள்ளைச் செதில் செதிலாக, ஓரத்தில் கறுப்போடு கிடந்தது. புகை வீட்டுச் சாம்பலை இருபது வருஷம் பெருக்கியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மாமி ஈரத்தலையோடு வந்தார். நான் ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"பார்த்துட்டியாக்கும்" என்றார்.

"ஊதுவத்திக்குப் பதிலா சிகரெட்டா மாமி?"

"அவர் வாங்கி வச்ச டின்னு ஒண்ணு அலமாரியில கிடந்தது. அவா வர அன்னைக்குக் கார்த்தால ரெண்டைக் கொளுத்தி இதுல சொருகி வச்சா தானா எரியறது. நான் வாயில வைக்கலை, கேட்டியோ."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மாமி ஊஞ்சலில் உட்கார்ந்தார். டில்லியில் மகன் பார்த்து வைத்திருக்கிற பிளாட் நாலாவது மாடியாம், லிஃப்ட் கிடையாதாம். ஒரு ஹால், ஒரு ரூம். ராத்திரி சோபாவை இழுத்துப் போட்டால் ஹாலில் மாமி படுத்துக்கொள்ளலாமாம். "அவனைத் தப்பு சொல்லலை. அவ்வளவுதான் அவனால முடியும். ஆனா நான் போகலை. போகலைன்னு சொன்னா, தனியா எப்படி இருப்பேன்னு கேக்கறான். அவர் போனப்பறம் தனியாத்தானே இருக்கேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "டின்னு தீர்ந்துபோச்சு. முக்குக் கடையில ஒரு பாக்கெட் வாங்கித் தருவியா? நான் போய்க் கேட்டா வலியசாலை முழுக்கத் தெரிஞ்சுடும்" என்றார்.

"நான் போய்க் கேட்டா ஆரியசாலை முழுக்கத் தெரியும் மாமி" என்றேன்.

மாமிக்கும் சிரிப்பு வந்தது. நான் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு மனசில் இருந்ததைச் சொன்னேன். என் பேர் போகிறது, அது ஒன்று. ஆனால் நேற்று அந்த அம்மா வாசலில் மூச்சுக்குத் தவித்ததை ஜன்னல் வழியே நீங்களும் பார்த்தீர்கள். அவள் உங்களுக்கு என்ன செய்தாள்? வேண்டாம் என்பதை மகனிடம் வாயால் சொல்லுங்கள், இன்னொருத்தி நெஞ்சில் சொல்ல வேண்டாம். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை, சிகரெட்டும் வாங்கித் தரப் போவதில்லை. இவ்வளவுதான் சொன்னேன். மாமி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அவ அப்படி இழுத்துண்டு நின்னப்போ எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குச் சேகர் சார் வந்தபோது மேஸ்திரியும் நானும் நடையில் நின்றோம். இனி என்ன செய்வது என்று பேசத்தான் மேஸ்திரி வந்திருந்தார். மாமி வெளியே வந்தார். ஊஞ்சலில் மகன் பக்கத்தில் அந்த ஸ்டாண்டை வைத்தார். காலி டின்னையும் வைத்தார்.

"பேச்சி கழுவினது சரியாத்தான் இருக்கு. வாசனை இதுதான். நான்தான் கொளுத்தினேன்."

சேகர் சாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. "அப்பாவைக் கொண்டுபோனது இதுதானே அம்மா? இதையா நீ கொளுத்தி வச்சே?" என்றார். பிறகு கெஞ்சினார். இன்னும் ஒரு வருஷம் போனால் டில்லியில் நம்மைப் போன்றவர்கள் எதையும் தொட முடியாது, இப்போது விட்டால் சாகிற வரை வாடகை வீடுதான் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அழுதுவிடுவார் போல இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

மாமி அவசரப்படவில்லை. "நாட்டுக்கு என்ன செலவுன்னு கணக்கு எழுதறியே, அதுல என்னெல்லாம் வரும்?" என்று கேட்டார்.

"இப்போ எதுக்கு அம்மா அது?"

"சொல்லேன்."

"ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, வேலைக்குப் போகாத நாள், சீக்கிரம் செத்துப்போறதால வர நஷ்டம்."

"ரெண்டு வருஷம் அவருக்குத் துப்பற கிண்ணம் ஏந்தினேன். ராத்திரி முதுகைத் தடவிண்டு உட்கார்ந்திருந்தேன். அது வருமோ?"

சேகர் சார் தலையைக் குனிந்துகொண்டார். "வராது. ஆத்துல இருக்கறவா செய்யறது கணக்குல வராது" என்றார்.

"பின்னே என்ன? அதுக்கு ஈடா நான் இந்த ஆத்துல இருக்கேன்னு வச்சுக்கோ."

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது. வாசு மேஸ்திரி வீட்டுக்காரர்கள் பேச்சில் வாய் வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாரே, ஒரு காரியம் சொல்லட்டே?" என்றார்.

அவர் சொன்னது ஒற்றி. இங்கே எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஒற்றி வீட்டில்தான் இருக்கிறோம். குடியிருக்க வருகிறவர் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுவார், மாச வாடகை கிடையாது. காலம் முடிந்து போகும்போது அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடணும். வீட்டின் முன்கட்டை அப்படி ஒற்றிக்கு விட்டால் பிளாட்டுக்கு முதலில் கட்டுகிறதற்கு ஆகும், பாக்கிக்கு ஆபீஸ் லோன் போடலாம் என்றார் மேஸ்திரி.

"அதுவும் கடன்தானே மேஸ்திரி?" என்றார் சேகர் சார்.

"கடம்தன்னே. பக்ஷே வட்டி இல்லை. வீடு கையில் நிற்கும். இனி விலை ஏறினா அது சாருக்கு ஏறுகிறதாக்கும். அம்மையும் தனிச்சல்ல, முன்னால ஆளுண்டு."

சேகர் சார் இரண்டு நாள் கழித்து வந்து, முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரு கதவு போட என்ன ஆகும் என்று கேட்டார். மேஸ்திரி சொன்னார். ஆரியசாலை மொத்தக் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறவர் குடும்பத்தோடு ஒற்றிக்கு வந்தார். பேங்குக்காரருக்கு மாமியே ஆள் விட்டு, வீடு விற்கவில்லை, அந்த அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சேகர் சார் டில்லிக்குத் திரும்பின பிறகு, எங்கள் வேலைச் சாமான் எடுக்க நான் அந்த வீட்டுக்குப் போனேன். கிழக்கு அறை மாமியின் பக்கத்தில் வந்திருந்தது. அறையைக் கழுவியிருந்தாலும் மாமி கொளுத்தின புகை இலேசாக ஏறித்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். செத்துப்போனவர் வாசனை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

"மூட்டை கட்டறியே, இதை யார் கழுவறது?" என்றார் மாமி.

விற்காத வீட்டுக்கு எதுக்கு மாமி என்றேன்.

"விக்கிற வீடானா நாறட்டும். நான் இருக்கப்போற வீடு. நாப்பது வருஷம் இந்த நாத்தத்தோட குடித்தனம் பண்ணினேன். நான் ஜன்னலைத் திறப்பேன், அவர் சாத்துவார். மறுபடி திறப்பேன், மறுபடி சாத்துவார். இனி நான்தான் இங்கே படுத்துக்கப் போறேன். நன்னா கழுவு."

சொல்லிவிட்டு மூன்று ஜன்னலையும் அவரே திறந்தார். நான் வெந்நீர் போட்டுச் சோடாவைக் கரைத்து, கீழேயிருந்து ஆரம்பித்தேன். உத்தரத்துக்கு வந்தபோது ஏணி கொஞ்சம் ஆடியது, தரை அங்கே பள்ளம். அப்புறம் ஆடவில்லை. குனிந்து பார்த்தால் மாமி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து நிற்கிறார்.

"அந்த மூலை விட்டுப்போச்சு பார்" என்றார்.

விட்டுப்போகவில்லை. அந்த இடத்தில் மரத்தின் நிறமே அப்படி. ஆனாலும் இன்னொரு தடவை துடைத்தேன்.